கிணற்றுக்குள் இரண்டு பூச்சியங்கள்

மாமி வீட்டுக் கிணற்றில் எஞ்சிய குளோரின் இப்போது காலையில் 0.6, பின்னேரத்தில் 0.3 என்று நிற்கிறது. லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. கூடிக் குறையாமல் இப்படி நிற்கத் தொடங்கிக் கொஞ்ச நாளாகிவிட்டது, ஆகவே செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்து, மருந்து போட்டு, "இனிப் பயமில்லை" என்று குடிக்கத் தொடங்கியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களில் எத்தனை பேர் போட்ட மருந்து தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

இடம் மூதூர்ப் பக்கம். மலைநாட்டில் பெய்கிற மழையும் கடைசியில் எங்களிடம்தான் வரும். 335 கிலோமீற்றர் ஓடி வருகிற மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிற முனையில் இருக்கிறோம். 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கிணற்றுக்கட்டுக்கு மேலால் பாய்ந்தது. மலசலகூடக் குழியும் அதே வெள்ளத்துக்குள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் நாடா பிடித்து அளந்தால் 11 மீற்றர். 15 மீற்றராவது வேண்டும் என்பார்கள், மணல் தரைக்கு அதுவே போதாது. கட்டும்போது யார் அளந்தார்கள்?

கிணறு கொங்கிறீற் கொட்டு, அதாவது வளையம், இறக்கியது. உள்விட்டம் 1.2 மீற்றர். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்ததில் தண்ணீர் 2.4 மீற்றர் ஆழம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, ஆழத்தால் பெருக்கினால் 2.7 கன மீற்றர், அதாவது 2,700 லீற்றர். பிறகு வருகிற கணக்கெல்லாம் இந்த எண்ணில்தான் தொங்குகிறது. கண்மதிப்பில் "ஒரு மூவாயிரம் இருக்கும்" என்று விட்டுவிடாமல் அளப்பது நல்லது.

வெள்ளம் வடிந்த கையோடு இறைக்கவில்லை. சுற்றியுள்ள மண் முழுக்கத் தண்ணீர் குடித்து நிற்கும்போது உள்ளே மட்டும் வெறுமையாக்கினால், வெளித் தண்ணீர் அடியால் தள்ளிக்கொண்டு வரும். இரண்டு வீடு தள்ளி ஒரே மூச்சில் இறைத்தார்கள். அடியில் மணல் பொங்கி, கீழ்க் கொட்டு ஒருபக்கம் சரிந்து போனது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரக் கிணறுகளில் உப்பைப் போக்கவென்று திரும்பத் திரும்ப இறைத்தபோது வேறொரு சிக்கலும் தெரிய வந்தது. அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற மெல்லிய படை. மேலே உள்ளதை இழுத்தால் கீழே உள்ள உப்பு ஏறி வரும். மாமி வீடு கடலிலிருந்து தள்ளி இருப்பதால் அந்தப் பயம் குறைவு, ரி.டி.எஸ். பேனை 380 காட்டியது. அந்தப் பேனை உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. 380 என்று பார்த்துவிட்டு "தண்ணி நல்லம்" என்று சொன்ன ஒருவரோடு எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம்.

அதுவரை குடிக்கப் பவுசர் தண்ணீர், அதையும் கொதிக்க வைத்து.

வெளி நிலத்தில் தோண்டிய சிறு குழியில் தண்ணீர் மட்டம் நன்றாக இறங்கியதைப் பார்த்த பிறகு 2 அங்குலப் பெற்றோல் பம்ப் வாடகைக்கு எடுத்தோம். பாதி இறைப்பது, விடுவது, ஊறியதும் மறுபடி இறைப்பது. பம்ப் எப்போதும் வெளியில், புகை காற்றோடு போகிற பக்கத்தில். குழாய் கட்டையாக இருக்கிறது என்று பம்பைக் கிணற்றுக்குள் இறக்குகிற பழக்கம் எங்களிடம் உண்டு, அந்தப் புகையில் ஆள் முடிந்துவிடும். மெழுகுதிரியைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பதும் போதாது. ஒட்சிசன் இருக்கிறதா என்று அது சொல்லும், காபன் மொனொக்சைட்டு இருந்தால் திரி பாட்டுக்கு எரியும். பம்பை நிற்பாட்டி, கிணறு காற்றோட விட்டு, இடுப்பில் கயிற்றோடு மச்சான் இறங்கினார். மேலே கயிறு பிடிக்க இரண்டு பேர். சேற்றைக் கோரி வாளியில் ஏற்றினோம். சுவரைத் தும்புத்தடியால் உரஞ்சினோம்.

இனி மருந்து. சுகாதாரப் பகுதியில் ரி.சி.எல். என்றும் கடையில் பிளீச்சிங் பவுடர் என்றும் சொல்வது ஒன்றைத்தான். புதிதாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட வேலை செய்யும் குளோரின் இருக்கும், நான் 30 வீதம் என்று வைத்துக்கொண்டேன். லீற்றருக்கு 20 மில்லிகிராம் வேண்டுமென்றால் 2,700 லீற்றருக்கு 54 கிராம் குளோரின், தூளாக 180 கிராம். வாளியில் முதலில் கொஞ்சத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிரப்பி, கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் கிணற்றில் ஊற்ற வேண்டும். தூளை அப்படியே கொட்டினால் பாதி அடியில் போய்க் கட்டியாகக் கிடக்கும். ஊற்றியதும் வாளியால் அள்ளி அள்ளித் திரும்ப ஊற்றிக் கலக்கினோம்.

அரை மணித்தியாலம் கழித்துச் சோதித்தேன். சோதனைப் பெட்டி நீச்சல் தடாகத்துக்கு உரியது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் பாவிப்பார்களே, அந்த வகை. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து டி.பி.டி. 1 என்ற குளிசையை நசுக்கிப் போட்டால், குளோரின் இருக்கும் அளவுக்கு ரோஸ் நிறம் வரும். பக்கத்தில் உள்ள நிறக்கட்டத்தோடு ஒப்பிட்டு எண்ணை வாசிக்கலாம். 0.1 முதல் 3 வரை.

நிறமே வரவில்லை. பூச்சியம்.

அதைவிட, தெளிந்து இருந்த கிணற்றுத் தண்ணீர் பிளேன்ரீ நிறத்துக்கு மாறியிருந்தது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மகன், வெள்ளத்துக்குள்ள இருந்ததவிட இப்பத்தானே மோசமாக் கிடக்கு" என்றார். காரணம் இரும்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாளியில் ஒரு இரவு வைத்தால் அடியில் செம்மஞ்சளாகப் படியும், வெள்ளை உடுப்பு பழுப்பாகும். கரைந்த நிலையில் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகி வெளியே வந்துவிட்டது. வெள்ளம் கொண்டுவந்த சேறு அழுகும்போது ஒட்சிசன் தீர்ந்து, மண்ணிலிருந்து இன்னும் கூடுதலாக இரும்பு கரையும். ஆனால் 1 மில்லிகிராம் இரும்பு தின்னுகிற குளோரின் 0.64 மில்லிகிராம்தான். இரும்பு மட்டும் 20ஐயும் முழுங்கியிருக்க முடியாது. குழித் தண்ணீரிலிருந்து வரும் அமோனியா அப்படியில்லை. அதிலுள்ள ஒவ்வொரு மில்லிகிராம் நைதரசனுக்கும் எட்டுப் பத்து மில்லிகிராம் போய்விடும்.

சுற்றி நின்றவர்கள் "இன்னும் ரெண்டு கிலோ போடுங்க" என்றார்கள். போடவில்லை. ஏன் பூச்சியம் என்று தெரியாமல் மேலே போடுவதில் எனக்கு விருப்பமில்லை. முதலில் தூளைச் சோதித்தேன். 33 கிராம் தூளை 1 லீற்றரில் கரைத்தால் 1 வீதக் கரைசல். மருந்துக்கடை ஊசிக்குழாயால் அதில் 1 மில்லிலீற்றர் எடுத்து, 5 லீற்றர் போத்தல் தண்ணீரில் விட்டால் 2 காட்ட வேண்டும். காட்டியது 1. கடையில் திறந்த பையிலிருந்து நிறுத்துத் தந்த தூள் அது. ஈரக்காற்றும் வெக்கையும் சேர்ந்து பாதிச் சத்தைக் கொண்டுபோய்விட்டன. நான் 20 போட்டதாக நினைத்தது உண்மையில் 10.

அடுத்தது வாளிச் சோதனை. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். மருந்து போட முன் ஒரு நீலப் பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். அதை நான்கு வாளியில் பத்துப் பத்து லீற்றராக ஊற்றி, அதே கரைசலை 10, 20, 30, 40 மில்லிலீற்றராக விட்டேன். பாதிச் சத்துத் தூள் என்பதால் அது உண்மையில் லீற்றருக்கு 5, 10, 15, 20 மில்லிகிராம். அரை மணித்தியாலம் பொறுத்தேன். முதல் இரண்டு வாளியும் பூச்சியம். மூன்றாவதில் மெல்லிய ரோஸ். நான்காவதில் கட்டத்தைத் தாண்டிய நிறம். ஆக, இந்தத் தண்ணீர் தன் பசிக்கே 14 அளவில் சாப்பிடுகிறது. அதற்கு மேலே போனால்தான் கிருமிக்கு ஏதாவது மிஞ்சும்.

14 என்பது குடிக்கிற தண்ணீர் கேட்கிற அளவே அல்ல. உள்ளே இன்னும் ஊத்தை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மருந்தைக் கூட்டுவதை விட்டுவிட்டுத் திரும்ப இறைத்தோம். மச்சான் கையால் தடவிப் பார்த்ததில், குழிப் பக்கமாக இருந்த இரண்டு கொட்டு மூட்டுகளில் சாந்து கரைந்து போய், உள்ளிருந்து கறுப்புச் சேறு கசிந்துகொண்டிருந்தது. மணத்தைப் பற்றி எழுதத் தேவையில்லை. உளியால் சுரண்டிக் கழுவி, ஒன்றுக்கு இரண்டு சீமெந்துச் சாந்தால் மேலிருந்து மூன்று கொட்டின் மூட்டுகளை அடைத்தோம். அதற்குக் கீழே அடைக்கக் கூடாது, கிணறு ஊற வேண்டும். அடியில் 15 சென்ரிமீற்றருக்குக் கழுவிய முக்கால் அங்குலக் கல் போட்டோம். ஊறிய தண்ணீரில் திரும்ப வாளிச் சோதனை வைத்தபோது 2இல் பூச்சியம், 4இல் ரோஸ். கிணற்றின் பசி 14இலிருந்து மூன்றளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த முறை ஒட்டியபடி இருந்த 1 கிலோப் பொதிகள் வாங்கினேன். போத்தல் தண்ணீரில் சோதித்தபோது சொன்ன சத்து இருந்தது. சுவரும் கல்லும் கிருமி நீங்க வேண்டும் என்பதால் 50 என்று வைத்தேன். 2,700 லீற்றருக்கு 135 கிராம் குளோரின், தூள் 450 கிராம். ஊற்றிக் கலக்கி, சுவரையும் அதே கரைசலால் நனைத்து, அரை மணி கழித்துக் குளிசையைப் போட்டேன்.

மறுபடியும் பூச்சியம்!

மச்சான் மிச்சப் பொதியைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் கிணற்றடியில் நிற்கவே கண் எரிந்தது. அப்படி மணக்கிற தண்ணீரில் எப்படிப் பூச்சியம்? இன்னொரு கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குளிசையை விட்டேன். விழுந்த இடத்தில் கண நேரம் ரோஸ் மின்னி மறைந்தது. குளோரின் மிக அதிகமானால், வந்த நிறத்தையே அது வெளுத்துவிடும், துணியை வெளுக்கிற சாமான்தானே. 10 மில்லிலீற்றர் கிணற்றுத் தண்ணீரோடு 90 மில்லிலீற்றர் போத்தல் தண்ணீர் கலந்து சோதித்ததும் கிண்ணம் 3ஐத் தொட்டது. பத்தால் பெருக்கினால் 30, குறைந்தது அவ்வளவு. முதல் பூச்சியம் இல்லாமையால், இரண்டாவது மிகுதியால். பெட்டியோடு வந்த துண்டுக் கடதாசியில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. இதற்குப் பிறகு பூச்சியம் வந்தால், பத்துக்கு ஒன்றாகக் கலந்து இன்னொரு தரம் பார்க்காமல் நான் அதை நம்புவதில்லை.

இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் இறைத்தோம். அந்தத் தண்ணீரை வயல் வாய்க்காலில் விடச் சொன்னார்கள், அங்கே மீன் குஞ்சு இருக்கிறது. தோட்டத்துக்கு வெளியே வெறும் மணலில் பரப்பி விட்டோம், வெயில் மிச்சத்தை முடித்துவிடும். ஊறிய தண்ணீர் 1க்குக் கீழே வரும்வரை இறைத்தோம்.

பிறகு குளோரின் முற்றாகத் தீர விட்டு, பரிசோதனைக்குப் போத்தல் கொடுத்தோம். கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே சேர்க்க வேண்டும். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி, அதாவது மலத்திலிருந்து வரும் கிருமி, ஒன்றும் இருக்கக் கூடாது. எங்கள் அறிக்கையில் இருந்தது. வெகு குறைவு, ஆனால் இருந்தது. இவ்வளவும் செய்த பிறகு அதைப் பார்க்கக் கோபம்தான் வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. ஐயா, தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க கிணத்தைக் கழுவினீங்க, நிலத்தடித் தண்ணிய இல்லையே" என்றார். குழி 11 மீற்றரில் இருக்க, நிலத்தடி மட்டம் மேலே நிற்கும்வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் மருந்து ஒருநாளுக்குத்தான். தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற ஏற்பாடு வேண்டும்.

அதற்குத்தான் பானை. அடியில் துளைகள் போட்ட ஒற்றைப் பானையில் தூளையும் மணலையும் கலந்து கிணற்றில் தொங்க விடுவது பழைய முறை, ஊர்ப் பொதுக்கிணறுகளுக்கு அது சரி. நாளுக்கு 500 லீற்றர்கூட அள்ளாத வீட்டுக் கிணற்றில் அதைத் தொங்க விட்டால் என்னாகும் என்று பார்த்தோம். அடுத்த நாள் 3ஐத் தாண்டியது. "சோத்துலயும் மருந்து மணக்குது மகன்" என்று மாமி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிவிட்டு இரட்டைப் பானைக்கு மாறினோம்.

இரட்டைப் பானை இப்படி. உள் பானையில் தூள், மணல் கலவை. கலவை மட்டத்துக்கு 3 சென்ரிமீற்றர் மேலே, கழுத்துக்குக் கிட்ட, 1 சென்ரிமீற்றர் துளை ஒன்று. இதை வெளிப் பானைக்குள் இறக்க வேண்டும். வெளிப் பானையில் அடியிலிருந்து 4 சென்ரிமீற்றர் உயரத்தில் அதே அளவுத் துளை ஒன்று. இரண்டின் வாயையும் பொலித்தீனால் கட்டி, தண்ணீர் மட்டத்துக்கு 1 மீற்றர் கீழே நிற்கும்படி நைலோன் கயிற்றில் தொங்க விட வேண்டும். கம்பி வேண்டாம், குளோரின் அரித்துவிடும். 4,500 லீற்றர் கிணற்றுக்கு 1 கிலோத் தூள், 2 கிலோ மணல் என்பது நூல் கணக்கு. எங்களுக்கு 500 கிராம் தூள், 1 கிலோ மணல்.

துளை போடுவதில்தான் பொறுமை வேண்டும். சுத்தியலை ஓட்டத்தில் வைத்து டிரில் பிடித்தால் பானை இரண்டாகும், ஆகியது. பானையை ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்து, சுத்தியலை நிற்பாட்டி, 4 மில்லிமீற்றர் அலகில் தொடங்கி, பிறகு 6, பிறகு 10 என்று மெதுவாக, துளையில் தண்ணீர் விட்டு விட்டுப் போட வேண்டும். மணலும் முக்கியம். முதலில் போட்ட பூச்சு மணல் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகி, துளை அடைத்து, அளவு 0.1க்கு விழுந்துவிட்டது. பிறகு ஆற்று மணலை 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்து, மேலே தங்கிய பருமணலை மட்டும் கழுவிப் போட்டோம். அதிலிருந்துதான் 0.6, 0.3. இரவில் யாரும் அள்ளாததால் காலையில் கூடுதல், பகல் முழுக்க அள்ளிய பிறகு பின்னேரம் குறைவு. பின்னேர அளவு 0.2க்குக் கீழே போனால் பானை மாற்ற வேண்டிய நேரம். எங்கள் கிணற்றில் அது இரண்டரைக் கிழமைக்கு ஒருமுறை வருகிறது. பானை தொங்கத் தொடங்கிய பிறகு கொடுத்த போத்தலில் ஈ.கோலி இல்லை.

இரும்பு இன்னும் இருக்கிறது. குளோரின் பட்டு அடியில் படிகிறது, குடிக்க எடுக்கிற தண்ணீரை மட்டும் மணல் நிரப்பிய வாளியால் வடிக்கிறோம்.

செலவு: பம்ப் வாடகையும் பெற்றோலும் 7,500 ரூபா. சீமெந்து, கல், மணல் 6,800. சோதனைப் பெட்டி 5,200. தூள், உடைந்ததையும் சேர்த்துப் பானைகள், கயிறு எல்லாம் 4,100. பரிசோதனைக் கட்டணம் தனி. மச்சானுக்குக் கூலி இல்லை, சாப்பாடுதான், அதுவும் குறைந்த செலவல்ல.

அடுத்த மாரிக்கு முன் மாற்றப்போகிறவை சில. கிணற்றுக்கட்டை இன்னும் 60 சென்ரிமீற்றர் உயர்த்திச் சுற்றிலும் 1 மீற்றர் அகலத்துக்குச் சீமெந்துத் தளம் போட வேண்டும். குழியை வளவின் மறு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே 24 மீற்றர் கிடைக்கும். அதற்கு மாமா இன்னும் சம்மதிக்கவில்லை, அந்த மூலையில் அவருடைய மாமரம் நிற்கிறது. வாளிச் சோதனையை முதல் இறைப்புக்குப் பிறகே, கிணற்றில் மருந்து போட முன்னமே வைப்பேன். அப்படிச் செய்திருந்தால் அந்த மூட்டுகளை முதல் இறக்கத்திலேயே தேடியிருப்போம். தூளைக் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் வாளியில், மூடியில் வாங்கிய தேதி எழுதி, சமையலறைக்கு வெளியே வைக்கிறோம். குளிசைகளை இனிக் கூடுதலாக வாங்க வேண்டும், அயலில் நாலைந்து வீட்டார் போத்தலோடு வரத் தொடங்கிவிட்டார்கள். வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி: காலையில் எடுத்ததா, பின்னேரம் எடுத்ததா, கிணற்றின் உள்விட்டம் எவ்வளவு.